மரத்திலிருந்து கட்டங்களுக்கு
உங்கள் தொடரில், உந்துதல் வற்றிப்போனால்தான் ஓவியர் பாணியை மாற்றுகிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. நெதர்லாந்து ஓவியர் பியட் மோண்ட்ரியானைப் பாருங்கள். மரத்தைத்தான் திரும்பத் திரும்ப வரைந்தார். முதலில் நீலப் பின்னணியில் சிவப்பு மரம். 1911-ல் அதுவே சாம்பல் நிறமாகிறது. 1912-ல் வரைந்த பூத்த ஆப்பிள் மரத்தில் கிளைகள் வெறும் வளைகோடுகள்தான். அப்புறம் நேர்கோடுகளும் கட்டங்களும். உந்துதல் வற்றவே இல்லை. பார்வைதான் ஆழமாகிக்கொண்டே போனது.

1940-ல் நியூயார்க் போனதும் பூகி-வூகி என்ற துள்ளலான பியானோ இசை அவரைப் பிடித்துக்கொண்டது. வேலை செய்யும் விதமும் மாறியது. வண்ணக் காகித நாடாக்களைக் கித்தானில் ஒட்டிப் பார்ப்பார், சரிப்படாவிட்டால் பிரித்து வேறு இடத்தில் ஒட்டுவார். 1944-ல் இறந்தபோது முடிக்காமல் விட்ட ஓவியத்தில் அந்த நாடாக்கள் இன்னும் இருக்கின்றன. எழுபது வயதைத் தாண்டியும் இப்படித் தேடியவரைப் பற்றி அடுத்த பகுதியில் அவசியம் எழுதுங்கள்.