நிறம் வேறு, போதை வேறு

"ஜெர்மன் டார்க் லாகர் கறுப்பா இருக்கும், அதனால போதை அதிகம், கசப்பு தாங்காது" என்று மேலே ஒரு நண்பர் எழுதியிருக்கிறார். இதை நம்பி, குளிரில் ஊறவைத்துச் செய்யும் இந்தக் கருநிற பீரை யாரும் ஒதுக்கிவிட வேண்டாம்.

நிறம் வருவது முளைகட்டிய பார்லியை எவ்வளவு சூட்டில் வறுத்தெடுக்கிறார்கள் என்பதிலிருந்து. போதை வருவது ஈஸ்ட் எவ்வளவு சர்க்கரையை ஆல்கஹாலாக மாற்றுகிறது என்பதிலிருந்து. இரண்டையும் முடிச்சுப் போடக் கூடாது. ஜெர்மனியின் துரிங்கியா மாநிலத்துக் கோஸ்ட்ரிட்சர் ஷ்வார்ட்ஸ்பியர் (கறுப்பு பீர்) ஏறக்குறைய கரி நிறம், ஆல்கஹால் 4.8 சதவீதம்தான். மியூனிக் நகரின் டார்க் லாகரான டுங்கெல் வகையும் 5 சதவீதத்தை ஒட்டியே நிற்கும். பொன்னிறத்தில் மின்னும் அக்டோபர்ஃபெஸ்ட் திருவிழா பீரோ 6 சதவீதத்தைத் தொடுகிறது! டாப்பல்பாக் என்ற கடும் லாகர் வகை விதிவிலக்கு. அது 7 சதவீதத்துக்கு மேல் போகும். குழப்பம் அங்கிருந்து வந்திருக்கலாம்.

சுவை விஷயத்தில்தான் எனக்கு உண்மையான வருத்தம். டுங்கெலில் கசப்பு முன்னால் நிற்பதே இல்லை. நன்றாகச் சிவந்த ரொட்டியின் மேலோட்டு மணம், கொஞ்சம் கொட்டைப் பருப்பு, சிலவற்றில் மெல்லிய சாக்லேட் சாயல். குளிரில் வாரக்கணக்கில் ஊறவைப்பதால் விழுங்கியதும் நாக்கு சுத்தமாகிவிடும், கனமே தெரியாது. தயவுசெய்து ஐஸ் போல உறையவைத்துக் குடிக்காதீர்கள், மணம் முழுக்க அடங்கிவிடும். 8 முதல் 10 டிகிரி போதும். முதலில் முகர்ந்து பாருங்கள், பிறகு சிறு வாயாக.

மியூனிக்கில் ஒரு காலத்தில் இந்த டுங்கெல்தான் அன்றாட பீராக இருந்தது. ஷ்பாட்டன் ஆலை தன் வெளிர்நிற ஹெல்லெஸை வெளியிட்டதே 1894இல்தான்.