கொள்ளளவை மட்டும் பார்க்காதீர்கள்

குறைந்த மின்தடைச் சூடேற்றும் சுருள் பொருத்திய வேப் கருவிக்கு, அதாவது மின் சிகரெட்டுக்கு, மில்லி ஆம்பியர் மணி (கொள்ளளவு) அதிகமுள்ள பேட்டரியே நல்லது என்று உங்கள் கட்டுரையில் எழுதியிருக்கிறீர்கள். தயவுசெய்து அந்த வரியைத் திருத்துங்கள். கொள்ளளவு, பேட்டரி எவ்வளவு நேரம் தாங்கும் என்பதைத்தான் சொல்லும். எவ்வளவு மின்னோட்டத்தைப் பாதுகாப்பாகத் தரும் என்பதைச் சொல்லாது. இக்கருவிகளில் போடும் உருளை வடிவ லித்தியம் அயனி பேட்டரிக்கு 18650 என்று பெயர்; முழுதாகச் சார்ஜ் ஏறினால் அது 4.2 வோல்ட். மின்னணுக் கட்டுப்பாடு இல்லாத மெக்கானிக்கல் கருவியில் 0.2 ஓம் சுருளைப் போட்டால் 21 ஆம்பியர் பாயும். 0.15 ஓம் என்றால் 28. பெயர் பெற்ற சாம்சங் 25ஆர் என்ற 18650 பேட்டரியே தொடர்ந்து தரக்கூடிய மின்னோட்டத்தின் வரம்பு 20 ஆம்பியர்தான்! கொள்ளளவிலும் ஏமாற்று உண்டு: 18650-இல் 9900 மில்லி ஆம்பியர் மணி என்று அச்சிட்டு விற்கிறார்களே, அது பச்சைப் பொய். நம்பகமானவை பெரும்பாலும் 3600-ஐத் தாண்டுவதில்லை.

பேட்டரியைச் சுற்றியுள்ள பிளாஸ்டிக் உறையைப் பற்றி நீங்கள் ஒரு வார்த்தைகூட எழுதவில்லை. லண்டனில் என் மைத்துனர் வீட்டில் ஒரு பேட்டரியைக் கையில் எடுத்துப் பார்த்தேன். மேல் விளிம்பில் அரிசி மணியளவு உறை கிழிந்து உலோகம் தெரிந்தது. பேட்டரியின் உடல் முழுவதும் எதிர்முனை. நடுவிலுள்ள குமிழ் மட்டுமே நேர்முனை. அந்த விளிம்பில் இரண்டுக்கும் இடையே இருப்பது மெல்லிய உறையும் ஒரு காகித வளையமும்தான். சாவி பட்டு இரண்டும் இணைந்தால் குறுக்குச்சுற்று ஏற்படும்; அந்தப் பேட்டரியை அவர் சாவிக்கொத்தோடு சட்டைப்பையில் போட்டுக்கொண்டு திரிந்திருக்கிறார். அன்றே வாங்கி ஒதுக்கி வைத்துவிட்டேன். மறுநாள் பேட்டரி மறுசுழற்சிப் பெட்டியில் போட்டேன். உதிரி பேட்டரிகளை வைக்க பிளாஸ்டிக் பெட்டி ஒன்றும் வாங்கிக் கொடுத்தேன்.