கார் ஏசிக்கு வருஷா வருஷம் கேஸ் அடிக்க வேண்டுமா?

"வருஷத்துக்கு ஒருமுறை ஏசி கேஸ் மாற்றாவிட்டால் கம்ப்ரசர் போய்விடும்" என்று ஒரு வாட்ஸ்அப் செய்தி சுற்றுகிறது. தவறு. ஏசி ஒரு மூடிய சுற்று. கேஸ் பெட்ரோல் மாதிரி எரிந்து தீராது. ஹோஸ், சீல் வழியாகப் பல வருஷங்களில் கொஞ்சம் கசியும், அவ்வளவுதான்.

சட்டென்று குறைந்தால் லீக். பைப் இணைப்பிலோ, கேஸின் சூட்டை வெளியேற்றும் கண்டென்சரிலோ எண்ணெய்ப் பிசுக்கில் தூசி அப்பியிருந்தால் சந்தேகம் அங்கேதான். அதைச் சரிசெய்யாமல் கேஸ் அடிப்பது ஓட்டைக் குடத்தில் தண்ணீர் ஊற்றுகிற வேலை. காற்றே குறைவாக வந்தால் முதலில் உள்ளே வரும் காற்றை வடிகட்டும் கேபின் ஃபில்டரைப் பாருங்கள். வண்டி நிற்கும்போது மட்டும் குளிர் குறைந்தால் கண்டென்சர் ஃபேனை.

கேஸ் வகை (ஆர்-134ஏ அல்லது ஆர்-1234ஒய்எஃப்), எத்தனை கிராம் என்ற விவரம் பெரும்பாலும் பானட்டுக்கு அடியில் ஸ்டிக்கரிலேயே இருக்கும். அந்த அளவை மீறி அடித்தாலும் பிரஷர் ஏறி கம்ப்ரசருக்கு ஆபத்து. அந்தச் செய்தியை இனி ஃபார்வர்ட் செய்யாதீர்கள்.