ஃபோட்டானிக்ஸ் ஆய்வு ஐ.ஐ.டி. மாணவருக்கு மட்டுமா?

"ஐ.ஐ.டி.யில் இடம் கிடைக்காத வடசென்னைப் பிள்ளைகள் இளநிலையில் ஃபோட்டானிக்ஸ் ஆய்வைக் கனவிலும் நினைக்க வேண்டாம்" என்று ஒருவர் எழுதியிருப்பது தவறு. (ஃபோட்டானிக்ஸ் என்பது ஒளியை உருவாக்கி, கட்டுப்படுத்தி, பயன்படுத்துவதை ஆராயும் துறை.) சென்னை ஐ.ஐ.டி. நடத்தும் இரண்டு மாதக் கோடைக்கால ஆய்வுத் திட்டமே, பிற கல்லூரிகளில் பி.இ., பி.டெக். மூன்றாம் ஆண்டு படிப்பவர்களையும் உள்ளடக்கிய, வெளி மாணவர்களுக்கான திட்டமாகும்; ஐ.ஐ.டி. மாணவர்கள்தாம் அதற்கு விண்ணப்பிக்க இயலாது. பி.எஸ்சி. இயற்பியல் படிப்பவர்களுக்கு, இந்தியாவின் மூன்று அறிவியல் கழகங்கள் இணைந்து நடத்தும் கோடைக்கால உதவித்தொகைத் திட்டம் இருக்கிறது. வடசென்னையின் வண்ணாரப்பேட்டையில் மெட்ரோ ஏறினால் வண்டி மாறாமல் ஐ.ஐ.டி.க்கு அருகிலுள்ள கிண்டியில் இறங்கலாம் என்பதால், தொலைவையும் காரணமாகச் சொல்ல முடியாது.

இடங்கள் குறைவு, போட்டி கடுமை என்று அவர் சொல்லியிருந்தால் மறுத்திருக்க மாட்டேன்.

விலையுயர்ந்த கருவியின்றி எதையும் தொடங்க முடியாது என்று நினைப்பதும் சரியன்று. 650 நானோமீட்டர் சிவப்பு லேசர் சுட்டியின் ஒளியைக் குறுந்தகட்டின் மீது செங்குத்தாக விழச்செய்தால், 1.6 மைக்ரோமீட்டர் இடைவெளியுள்ள அதன் தடங்கள் முதல் விளிம்பு விளைவுப் (நுண்ணிய இடைவெளிகளில் ஒளி வளைந்து பரவுவது) புள்ளியை ஏறத்தாழ 24 பாகையில் காட்டும், டி.வி.டி.யில் இடைவெளி 0.74 மைக்ரோமீட்டர் என்பதால் அக்கோணம் 61 பாகையை எட்டும். (கண்ணில் நேரடியாகவோ எதிரொளித்தோ படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.) இந்த அளவீட்டைப் பிழைக்கணக்குடன் எழுதி வைத்திருக்கும் மாணவருக்குப் பரிந்துரைக் கடிதம் தர ஆசிரியரிடமும் சொல்வதற்கு ஏதேனும் இருக்கும். சென்னை மாநிலக் கல்லூரியில் முதுகலை மாணவராக இருந்தபோதே, 1906இல், சி.வி. ராமன் வெளியிட்ட முதல் கட்டுரையும் விளிம்பு விளைவைப் பற்றியதுதான்.