மால்குடி எங்கட ஊர்தான், சண்டைக்கு வாறவர்கள் வரலாம்

மால்குடி என்று ஓர் ஊர் உலகத்தில் எங்கேயும் இல்லை என்று சொன்னால் இன்றைக்கும் முகம் கறுக்கிற ஆட்கள் யாழ்ப்பாணத்தில் இருக்கிறார்கள், நானும் அதில் ஓராள். ஆர்.கே. நாராயண் 1930இல் மனதுக்குள் கட்டத் தொடங்கின ஊர் அது, 1935இல் வந்த முதல் நாவலோடு அங்கே சனம் குடியேறியது, சரயு ஆறும் மெம்பிக் காடும் அவர் இழுத்த கோடுகள். எல்லாம் தெரியும். தெரிந்துகொண்டுதான் டிக்கெட் போட்டேன். மால்குடி இல்லாவிட்டால் என்ன, தூரதர்ஷனின் "மால்குடி நாட்கள்" தொடருக்காக அதைப் படம் பிடித்த ஊர் இருக்கிறதே. கர்நாடகத்தில், சிவமொக்கா மாவட்டத்தில், மேற்குத் தொடர்ச்சி மலையின் விளிம்பில், ஆகும்பே.

பலாலியில் விமானம் ஏறிச் சென்னையில் இறங்கி, ரயிலில் பெங்களூர், பிறகு சிவமொக்கா, அங்கிருந்து தீர்த்தஹள்ளி வழியாக பஸ். எழுத ஒரு வரிதான், தூரம் இடுப்புக்குத்தான் தெரியும். கூட வந்தவன் அக்காவின் மகன், சென்னையில் படிக்கிறான். எனக்குத் துணை என்று வீட்டில் சொல்லி அனுப்பினார்கள், உண்மையில் போனை நீட்டிப் பிடித்துக் கன்னடத்தில் கதைக்க வைக்கிற வித்தை அவனிடம்தான் இருந்தது. பஸ்ஸால் இறங்கி ஒருதரம் சுற்றிப் பார்த்துவிட்டுச் சொன்னான்: "மாமா, இவ்வளவுதானா? இதுக்கோ வந்தனாங்கள்?"

இவ்வளவுதான். ஒரு தெரு, நாலைந்து சாப்பாட்டுக்கடை, ஓட்டுக்கூரைகள், அதற்குப் பின்னால் உடனே காடு. தெரு முடிந்து கொஞ்சம் போனால் மலை சரிந்து இறங்குகிறது, பதினாலு கொண்டையூசி வளைவு, கீழே உடுப்பிப் பக்கம். பின்னேரத்தில் வானம் தெளிந்தால் அந்த விளிம்பில் நின்று அரபிக்கடலில் சூரியன் இறங்குவதைப் பார்க்கலாம் என்று எல்லாரும் அங்கே போகிறார்கள். நாங்களும் போனோம், முகில்தான் பார்த்தோம். வருடத்துக்கு ஏழாயிரம் மில்லிமீற்றருக்கு மேல் மழை கொட்டுகிற இடம், எங்கள் ஊரின் மழையை அஞ்சாறு தரம் மடக்கி ஊற்றினமாதிரி. ஐப்பசி கார்த்திகை மழையை நம்பிக் கிணற்றை எட்டி எட்டிப் பார்க்கிற குடாநாட்டானுக்கு, மலையும் இல்லாத, வருடம் முழுக்க ஓடுகிற ஆறும் இல்லாத ஊரில் பிறந்தவனுக்கு, அந்தப் பச்சையைப் பார்க்க முதலில் வந்தது பொறாமைதான். அட்டை கடித்த பிறகு பொறாமை குறைந்தது.

தொடரில் வாற சுவாமி என்ற பெடியனின் வீடாகக் காட்டின வீடு இன்னும் அப்படியே நிற்கிறது. தொட்ட மனை என்கிறார்கள், நூறு வருடத்தைத் தாண்டின வீடு. வாசலால் உள்ளே காலை வைத்தேன், எனக்கு ஒரு நிமிடம் பேச்சு வரவில்லை, ஏனென்றால் அது நாற்சார் வீடு. நடுவில் வானம் பார்த்த முற்றம், சுற்றிவர விறாந்தை, கறுத்து மினுங்குகிற மரத்தூண்கள், நாலு பக்கத்து ஓட்டுத் தாழ்வாரத்தாலும் தண்ணீர் முற்றத்துக்குள் விழுகிற அதே கணக்கு. தூணை ஒருக்கால் தடவிப் பார்த்தேன். அடிப்பக்கம் அகலம், ஆளின் தோள் சாய்கிற உயரத்தில் மட்டும் மரம் கொஞ்சம் பள்ளமாகி வழுவழுவென்று இருந்தது. எங்கள் அம்மம்மா வீட்டுத் தூணிலும் அதே இடத்தில் அப்படித்தான் இருந்தது, அந்த வீடு இப்போது இல்லை, அதைப்பற்றி வேறொரு நாள். அந்த வீட்டுக்காரர் எங்களை யார் எவர் என்று துருவவில்லை, சிலோன் என்றதும் சிரித்தார்கள், சுடச்சுடக் கசாயம் தந்தார்கள். மருமகன் படம் எடுக்கக்கூட மறந்து இரண்டு தரம் வாங்கிக் குடித்தான்.

சரி, யாழ்ப்பாணத்தானுக்கும் இந்த ஊருக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கிற இளசுகளுக்குக் கொஞ்சம் பழங்கதை. ரூபவாஹினி 1982 பெப்ரவரியில் தொடங்கியது. ஆனால் எங்கள் வீடுகளின் அன்ரனா பெரும்பாலும் கடலுக்கு அப்பால்தான் பார்த்துக்கொண்டிருந்தது. வடக்கே திருப்பினால் சென்னை, மேற்கே திருப்பினால் கொடைக்கானல். ஜீஐ பைப்பை ஒன்றின்மேல் ஒன்றாகப் பூட்டி, இழுகம்பி கட்டி, உச்சியில் பூஸ்டரும் வைத்து, தென்னைக்கு மேலால் தெரிய நிறுத்துவார்கள். அதைத் திருப்புவது ஒரு குடும்பத் தொழில். அப்பா குசினிக் கூரைக்குப் பக்கத்தில் பைப்பைப் பிடித்துக்கொண்டு நிற்க, அண்ணா ஜன்னலில், நான் ரீவிக்கு முன்னால்.

"வருதோ?"
"வருது வருது... போட்டுது. கொஞ்சம் பின்னுக்கு... ஆ, விடுங்கோ அப்பா, தொடாதேங்கோ!"

வெக்கையாக, காற்று அடங்கிக் கிடக்கிற இரவில் படம் துலக்கமாக வரும், காற்றுக் கிளம்பினால் போச்சு. கடலுக்கு மேலே சூடான காற்றும் குளிர்ந்த காற்றும் அடுக்காக நிற்கும்போது ஒளிபரப்பு அலை அதில் வளைந்து வழமையைவிடத் தூரம் ஓடும் என்று பிற்காலத்தில் படித்தேன். அப்போது எங்களுக்கு அது அம்மனின் கருணை.

அப்படி வந்த ஒன்றுதான் மால்குடி நாட்கள். 80களின் பிற்பகுதி, அந்த நாட்களில் இங்கே என்னென்ன நடந்தது என்று நான் எழுதத் தேவையில்லை. கரண்ட் இருந்த இரவுகளில், புள்ளி விழுந்த திரையில், நாராயணின் தம்பி ஆர்.கே. லக்ஷ்மண் கீறின கோட்டுச் சித்திரம் வரும், தொடக்க இசையின் அந்தத் "தானானா" கேட்கும், ஒழுங்கையில் நின்ற பெடியள் எல்லாம் உள்ளே ஓடி வருவார்கள். ஆங்கிலத்திலும் கொஞ்சம் எடுத்திருந்தார்கள், எங்களுக்கு வந்தது இந்தி. ஒரு சொல் விளங்காது. ஆனால் தகப்பனுக்குப் பயந்து தூணுக்குப் பின்னால் நிற்கிற பெடியனை விளங்க இந்தி எதற்கு? தகப்பனாக வந்தவர் கிரிஷ் கர்னாட் என்பதெல்லாம் பிறகு தெரிந்தது, அன்றைக்கு அவர் எங்கள் கணக்கு வாத்தியார்.

யோசித்துப் பாருங்கள். தமிழ்க் குடும்பத்தில் பிறந்து மைசூரில் வாழ்ந்தவர் ஆங்கிலத்தில் எழுதின ஊர், சங்கர் நாக் என்ற கன்னடக்காரர் கன்னட மலைக்கிராமத்தில் இந்தியில் எடுக்கிறார், அதை இந்தி தெரியாத யாழ்ப்பாணத்தில் இருந்து பார்த்து ஒரு சந்ததி அது தன் ஊர் என்று நினைக்கிறது. சங்கர் நாக் 1990 செப்டெம்பரில் கார் விபத்தில் போய்விட்டார், வயது முப்பத்தைந்து. இங்கே அதே வருடம் கரண்டும் போனது.

அந்தத் "தானானா"வைப் பற்றி ஒரு விசயம் சொல்லாவிட்டால் எனக்கு நித்திரை வராது. இசை எல். வைத்தியநாதன். "ஏழாவது மனிதன்", "பேசும் படம்" என்ற படங்களுக்கும் இசை அவர்தான். அவருடைய தகப்பனார் வயலின் வித்துவான் வி. லட்சுமிநாராயணா, யாழ்ப்பாணத்தில் இசை கற்பித்தவர். எல். சுப்பிரமணியம், எல். சங்கர் என்று உலகம் சுற்றின வைத்தியநாதனின் தம்பிமார் இரண்டு பேரும் சின்ன வயதில் இந்த மண்ணில் இருந்தவர்கள். 1958 கலவரத்துக்குப் பிறகு அந்தக் குடும்பம் இந்தியாவுக்குத் திரும்பியது. நாங்கள் கடலுக்கு அப்பால் இருந்து பைப்பைத் திருப்பித் திருப்பிப் பிடித்த இசை, ஒருகாலத்தில் எங்கள் ஊரில் வீணை வயலினோடு குடியிருந்து, துரத்தப்பட்டுப் போன ஒரு வீட்டில் இருந்து வந்தது. எங்கள் பள்ளிக்கூடங்களில் இதை யாராவது பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிறார்களோ தெரியாது. ஆகும்பேத் தெருவில் மருமகன் அந்த இசையைப் போனில் போட்டான், தேநீர்க்கடைக்காரர் உடனே கரண்டியால் மேசையில் தாளம் தட்டினார். நான் இந்தக் கதையைச் சொன்னேன், போன் அதைக் கன்னடத்தில் என்னவென்று சொன்னதோ, மனிசன் தேநீருக்குக் காசு வாங்கவில்லை.

ஆகும்பேக்கு ரயில் கிடையாது. மால்குடி ரயில் நிலையம் என்று நாங்கள் பார்த்தது சிவமொக்கா - தாளகுப்பா பாதையில் இருக்கிற அரசாளு என்ற சின்ன நிலையம். அதை 2020இல் மால்குடி அருங்காட்சியகம் ஆக்கியிருக்கிறார்கள், பழைய மீட்டர்கேஜ் பெட்டி ஒன்றும் வைத்திருக்கிறார்கள். எனக்கு அது பிடிக்காமல் போகும் என்று நினைத்துப் போனேன், பிடித்திருந்தது. அந்தப் பெட்டிக்குப் பக்கத்தில் நிற்கும்போது நினைவுக்கு வந்தது கொழும்புக்கும் யாழ்ப்பாணத்துக்கும் ஓடின எங்கள் யாழ்தேவி ரயில்தான். 1990 ஜூனில் நின்றது, தண்டவாளமும் சிலிப்பர்க்கட்டையும் பங்கருக்குப் போயின, 2014 ஒக்டோபரில் இந்திய ரயில்வேக் கம்பனியான இர்கொன்காரர் புதிதாகப் போட்ட பாதையில்தான் திரும்ப யாழ்ப்பாணம் வந்தது. ரயிலை நேரில் பார்க்காமலே பதினோராம் வகுப்பு ஓ.எல். பரீட்சை எடுத்த ஒரு சந்ததி இங்கே இருக்கிறது, அவர்களுக்கு ரயில் என்றால் ரீவியில் வாறது.

இதைத்தான் நான் கனகாலமாகச் சொல்ல நினைத்தேன். எங்கள் ஊரும் ரீவியில் வந்தது, நிறையவே வந்தது, ஆனால் செய்தியில் வந்தது. எரிந்தபடி வந்தது, இடிந்தபடி வந்தது, மூட்டை முடிச்சோடு நடந்தபடி வந்தது. ஒரு பெடியன் வீட்டுப்பாடம் செய்யாமல் பள்ளிக்கூடத்துக்கு ஒளித்துத் திரிகிற யாழ்ப்பாணத் தெருவை, சும்மா ஒரு செவ்வாய்க்கிழமையை, ஆறுதலாக அரை மணித்தியாலம் காட்டின தொடர் ஒன்றை நான் பார்த்ததில்லை. அதனால்தான் ஊருக்குப் பஞ்சப்பட்ட நாங்கள் அடுத்தவன் ஊரை எடுத்துக்கொண்டோம். இப்போது இங்கே கமெராவும் திறமையும் உள்ள பிள்ளைகள் தாராளம், குறும்படங்கள் வருகின்றன, நல்லாகவும் வருகின்றன, ஆனால் பத்துக்கு எட்டில் முதல் காட்சியிலேயே யாரோ செத்துப்போகிறார்கள். சாவைப்பற்றி எடுக்காதே என்று நான் யார் சொல்ல. ஒருக்கால் சின்னக்கடையில் மீன் விலைக்குச் சண்டைபிடிக்கிற ஒரு கிழவியையும் எடுங்கோ தம்பிமாரே, ஆள் கடைசிவரை உயிரோடு வீட்டுக்குப் போகட்டும். சங்கர் நாக் என்ன ஹொலிவூட்டா கொண்டுவந்தார், ஊர்ச்சனத்தையே கூட்டமாக நிற்க வைத்துத்தானே எடுத்தார்.

இனி என் உண்மையான வேண்டுகோள். திரும்பி வந்த பிறகு சித்தியின் கலியாண வீடியோவைத் தேடிப் பார்த்தேன், 89ஆம் ஆண்டுக் கசெற், கனடாவில் பிரதி செய்து அனுப்பியிருந்தார்கள். மூன்று மணித்தியாலம், ஆட்கள் வரிசையாக வந்து நின்று கமெராவைப் பார்ப்பதும் பன்னீர் தெளிப்பதும், எல்லாவற்றுக்கும் மேலே சினிமாப் பாட்டைப் போட்டு மூடியிருக்கிறார்கள், ஒரு மனிசக் குரல் கேட்காது. ஆனால் பொம்பிளை மாப்பிள்ளை ஏறின மொறிஸ் மைனர் கோயிலில் இருந்து வீட்டுக்குப் போகிற துண்டு ஒன்று இருக்கிறது. அலங்காரக் காருக்குப் பின்னால் கஸ்தூரியார் வீதி. கையால் எழுதின கடைப் பலகைகள், வெள்ளைச் சட்டையோடு ரியூசனுக்குப் போகிற பிள்ளைகள், கரியரில் வாழைக்குலை கட்டின சைக்கிள், ஒரு பெடியன் ஒற்றைச் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு காரைப் பார்த்துச் சிரிக்கிறான். மற்றச் செருப்பு எங்கே போனதோ. அந்தத் துண்டை நான் திரும்பத் திரும்ப ஓடவிட்டேன், மருமகன் பக்கத்தில் இருந்து, "மாமா, இது மால்குடியைவிட நல்லா இருக்கு" என்றான்.

உங்கள் வீட்டு அலுமாரியிலும் இருக்கும். வெளிநாட்டில் இருக்கிறவர்களிடம் இன்னும் கூடுதலாக இருக்கும், போகும்போது கொண்டுபோனது அதுதானே. வெள்ளையாகப் பூஞ்சணம் பிடித்த கசெற்றைத் தயவுசெய்து டெக்கில் போட்டுப் பார்க்காதேங்கோ, ரேப்பும் போகும், டெக்கின் ஹெட்டும் போகும். துடைத்துச் சுத்தமாக்கிக் கணினியில் ஏற்றத் தெரிந்தவர்களிடம் முதலில் குடுங்கோ. ஏற்றினதும் எனக்கு உள்பெட்டியில் ஒரு சொல் போடுங்கோ. கலியாணவீடு, சாமத்தியவீடு, புதுமனை புகுவிழா, எதுவென்றாலும் சரி. வீட்டாரின் முகம் வெளியே போகக்கூடாது என்றால் அதை வெட்டிப்போட்டுத் தாருங்கோ, எனக்கு வேண்டியது காருக்குப் பின்னால் தெரிகிற ரோட்டு மட்டும்தான்.