எங்கள் முதலாளிக்கும் ஒரு ஷுன்தோ வேண்டும்

2025 மார்ச் 12, புதன்கிழமை. ஷுன்தோ என்கிற வருடாந்தரச் சம்பளப் பேச்சுக்கு ஜப்பானின் பெரிய கம்பெனிகள் பதில் சொல்கிற நாள். மதியச் சாப்பாட்டு நேரத்தில் எங்கள் லேத் பட்டறையில் பாதிப் பேர் டப்பாவைத் திறந்து வைத்தபடி தொலைக்காட்சியைப் பார்த்துக்கொண்டிருந்தோம். உலோகத் தொழிலாளர் சங்கங்களின் தோக்கியோ அலுவலகத்தில் ஒரு பெரிய வெள்ளைப் பலகை. எந்தக் கம்பெனி எவ்வளவு சம்பள உயர்வு தர ஒப்புக்கொண்டது என்று மார்க்கரால் எழுதிக்கொண்டே போகிறார்கள். செய்தி வாசிப்பவர் "மங்கக்கு, மங்கக்கு" என்று திரும்பத் திரும்பச் சொல்கிறார். கேட்ட தொகை முழுவதையும் கொடுத்துவிட்டார்கள் என்று அர்த்தம். (ஜப்பானுக்கு வந்த புதிதில் இந்தச் சொல் எனக்கு மாங்காய் என்றே காதில் விழும்.)

பக்கத்தில் உட்கார்ந்திருந்த அறுபது வயதுக்காரரிடம், "அந்தப் பலகையில் நம்ம கம்பெனி பேர் எப்ப வரும்?" என்று விளையாட்டாகக் கேட்டேன். முப்பத்தைந்து வருடமாக இதே பட்டறையில் இரும்பு கடைகிறவர். "நமக்குப் பலகை எல்லாம் கிடையாது. ஏப்ரல் சம்பளக் கவரைப் பிரித்துப் பார்த்தால்தான் தெரியும்" என்றார்.

ஐச்சி மாகாணத்தில் நாற்பது பேர் வேலை செய்கிற பட்டறை எங்களுடையது. சங்கம் கிடையாது. அதனால் ஷுன்தோ என்பது எங்களுக்கு அடுத்த வீட்டுக் கல்யாணம் மாதிரி. மேளச் சத்தம் நன்றாகக் கேட்கும், சாப்பாடு வராது.

ஷுன்தோ என்றால் வசந்தகாலப் போராட்டம். 1955-ல் எட்டுத் தொழில்துறைச் சங்கங்கள் சேர்ந்து தொடங்கியது. இங்கே சங்கம் கம்பெனிக்குள்தான் இருக்கும். ஒரு கம்பெனிச் சங்கம் மட்டும் தனியாகச் சம்பளம் கேட்டால், போட்டிக் கம்பெனி மலிவாக விற்று நம் கம்பெனியைச் சாய்த்துவிடுமோ என்று முதலாளிக்கு மட்டுமல்ல, தொழிலாளிக்கும் பயம். அதற்கு வழி சொன்னவர் ரசாயனத் தொழிலாளர் சங்கத் தலைவர் ஒதா கஓரு. இருட்டு ரோட்டில் தனியாகப் போனால்தானே பயம், எல்லோரும் கைகோத்துப் போனால் என்ன என்பது அவருடைய வாதம். எல்லாச் சங்கங்களும் ஒரே காலத்தில் கேட்க ஆரம்பித்தன. பெரிய கம்பெனியில் முடிவாகும் தொகை மற்றவர்களுக்கு அளவுகோலாயிற்று. எண்ணெய் நெருக்கடிக்கு அடுத்த ஆண்டு, 1974-ல், சம்பளம் சராசரியாக 32.9 சதவீதம் ஏறியது. அச்சுப் பிழை இல்லை, முப்பத்திரண்டுதான்.

இன்று இந்தப் போராட்டத்தை நடத்துவது ரெங்கோ. 1989-ல் உருவான தொழிற்சங்கக் கூட்டமைப்பு, சுமார் 70 லட்சம் உறுப்பினர்கள். இலையுதிர் காலத்தில் கோரிக்கையின் அடிப்படைக் கருத்தை வெளியிடுவார்கள். நவம்பர், டிசம்பர் வாக்கில் அதை உறுதி செய்வார்கள். பிப்ரவரி முடிவதற்குள் ஒவ்வொரு சங்கமும் தன் நிர்வாகத்திடம் கோரிக்கையைக் கொடுக்கும். மார்ச் நடுவில், பெரும்பாலும் ஒரு புதன்கிழமை, பெரிய கம்பெனிகள் பதில் சொல்லும். ஜூலையில் கடைசிக் கணக்கு வரும். நம்ம ஊர்ப் பஞ்சாங்கம்கூட இவ்வளவு ஒழுங்காக இருக்காது. தலையில் பட்டி கட்டி, முஷ்டியை உயர்த்தி "கம்பாரோ" (விடாமல் முயல்வோம்) என்று சங்கக்காரர்கள் மூன்று தடவை கத்துவார்கள். மறுநாள் காலை எட்டு மணிக்கு அத்தனை பேரும் வேலையில் இருப்பார்கள். 2023 ஆகஸ்ட் 31-ம் தேதி இகெபுகுரோ செய்பு பல்பொருள் அங்காடியில் ஒரே ஒரு நாள் வேலைநிறுத்தம் நடந்தபோது நாடே வேடிக்கை பார்த்தது. ஜப்பானியப் பல்பொருள் அங்காடிகளில் சுமார் அறுபது ஆண்டுகளில் அதுதான் முதல் வேலைநிறுத்தம். ரெங்கோ மே தினத்தையே ஏப்ரல் கடைசியில் கொண்டாடிவிடுகிறது, விடுமுறை வசதிக்காக. இதை ஊரில் ஒரு தோழரிடம் சொன்னபோது அவர் போனிலேயே கொஞ்ச நேரம் பேசவில்லை.

கிண்டல் போதும். ரெங்கோவை வெறும் சடங்கு என்று ஒதுக்கிவிட என்னால் முடியாது. 2002-ல் தொயோத்தா ஒரு லட்சம் கோடி யென்னுக்கு மேல் லாபம் பார்த்தது. அந்த வசந்தத்தில் அது கொடுத்த அடிப்படைச் சம்பள உயர்வு பூஜ்யம். அதற்குப் பிறகு பத்து வருடத்துக்கு மேல், எல்லோருக்கும் அடிப்படைச் சம்பளத்தை உயர்த்து என்று கேட்கவே ரெங்கோ தயங்கியது. வேலை போகாமல் இருந்தால் போதும் என்ற மனநிலை. 2014 வாக்கில், சம்பளத்தைக் கொஞ்சம் ஏற்றுங்கள் என்று பிரதமர் அபேயே முதலாளிகளிடம் சொல்ல வேண்டி வந்தது. பத்திரிகைகள் அதற்கு "அரசு தயாரித்த ஷுன்தோ" என்று பெயர் வைத்தன. ஒரு தொழிற்சங்கத்துக்கு இதைவிடக் கூச்சமான பட்டப்பெயர் இருக்க முடியாது. அங்கிருந்து 2023-ல் 3.58, 2024-ல் 5.10, 2025-ல் 5.25 சதவீதம் வரை ஏறி வந்திருக்கிறார்கள். ஐந்தைத் தாண்டியதே 33 வருடம் கழித்துத்தான். 2024-ல் நிப்பான் ஸ்டீல் சங்கம் மாதம் 30,000 யென் உயர்வு கேட்டது. கம்பெனி 35,000 கொடுத்தது. கேட்டதற்கு மேல் கொடுத்தால் சங்கக்காரர்கள் எப்படி முகத்தை வைத்துக்கொள்வார்கள் என்று எனக்கு ஒரு சந்தேகம் உண்டு.

ஆனால் அந்த 5.25-ஐக் கொஞ்சம் பிரித்துப் பார்க்க வேண்டும். வயதுக்கும் சர்வீசுக்கும் வருடாவருடம் தானாக ஏறுகிற பகுதியும் அதற்குள் இருக்கிறது. அதைக் கழித்தால் உண்மையான உயர்வு 3.7 சதவீதம்தான். விலைவாசியையும் சேர்த்தால், 2022 முதல் 2024 வரை மூன்று வருடமும் நாட்டின் சராசரிச் சம்பளத்தின் வாங்கும் சக்தி குறைந்துகொண்டேதான் போனது. இதற்குப் புள்ளிவிவரம் எனக்குத் தேவையில்லை, அரிசி மூட்டை போதும். 2,000 யென் சொச்சத்துக்கு வாங்கிக்கொண்டிருந்த ஐந்து கிலோ அரிசி 2025 வசந்தத்தில் 4,000-ஐத் தாண்டியது. அரசாங்கமே சேமிப்புக் கிடங்கைத் திறந்து அரிசி விற்றது. மூன்று வேளையும் சோறு தின்கிற தமிழன் வீட்டில் அந்த மாதங்களில் உப்புமாவும் சப்பாத்தியும் பட்ட மரியாதையைச் சொல்லி மாளாது.

அப்புறம் அந்த 5.25 சங்கம் இருக்கிற இடத்துக் கணக்கு. இந்த நாட்டில் நூறு தொழிலாளரில் பதினாறு பேர்தான் ஏதோ ஒரு சங்கத்தில் இருக்கிறார்கள். நூறு பேருக்குக் குறைவாக இருக்கும் தனியார் கம்பெனிகளில் அது ஒரு சதவீதம்கூட இல்லை. ரெங்கோவில் இருக்கிற சிறு, நடுத்தரச் சங்கங்கள் வாங்கியதே 4.65. 2025-ல் அவர்களுக்கு 6 சதவீதமாவது கேள் என்று ரெங்கோ இலக்கு வைத்திருந்தது. 2026-லும் அதே ஆறு. பகுதிநேர, ஒப்பந்த ஊழியருக்கு ஏழு.

ஆறு கேட்கலாம், தப்பில்லை. கொடுப்பவர் கையில் இருக்க வேண்டுமே.

எங்கள் முதலாளி கெட்டவர் இல்லை. காலையில் எங்களுக்கு முன்னால் வந்து இரும்புத்தூள் பெருக்குகிற மனிதர். எங்களிடமிருந்து பாகம் வாங்குகிற கம்பெனிக்கு மேலே ஒரு கம்பெனி, அதற்கும் மேலேதான் வண்டி செய்கிற பெரிய கம்பெனி. இரும்பு விலை ஏறினால் ரசீதைக் காட்டிக் கொஞ்சம் விலை கூட்டிக் கேட்கலாம். மின்கட்டணத்துக்குக் கெஞ்ச வேண்டும். ஆட்களுக்குச் சம்பளம் ஏற்றியிருக்கிறேன், அதனால் பாகத்தின் விலையைக் கூட்டுங்கள் என்று கேட்டால், உங்கள் திறமையைக் கூட்டிச் சமாளியுங்கள் என்று பதில் வரும். பல வருடங்கள் விலையைக் குறைக்கச் சொல்லித்தான் கடிதம் வந்தது. அப்படிப்பட்ட ஒரு கூட்டத்துக்கு வரைபடம் தூக்கிக்கொண்டு நானும் போயிருக்கிறேன். எங்கள் முதலாளி தலை குனிந்து வணங்கிய கோணம் இன்னும் நினைவில் இருக்கிறது. அந்தக் கொள்முதல் அதிகாரியின் கம்பெனியில் சங்கம் உண்டு. அந்த மார்ச்சில் அவருக்கு மங்கக்கு கிடைத்திருக்கும்.

அதனால்தான் ரெங்கோவின் சம்பளப் பட்டியலைவிட அதன் கொள்கைக் கோரிக்கைகளை நான் கவனமாகப் படிக்கிறேன். செய்தியில் அது இரண்டு வரிகூட வராது. சம்பளச் செலவைப் பொருளின் விலையில் ஏற்ற விட வேண்டும் என்று அவர்கள் பல வருடமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். 2023 நவம்பரில் அரசு இதற்கு ஒரு வழிகாட்டுதல் வெளியிட்டது. சப்ளை செய்பவர் வாய் திறந்து கேட்காவிட்டாலும், வாங்குபவர் அவ்வப்போது தானே கூப்பிட்டு விலை பேச வேண்டும் என்றது. 2026 ஜனவரி 1 முதல் சட்டமே மாறிவிட்டது. துணை ஒப்பந்தக்காரரோடு பேசாமல் ஒருதலையாக விலை வைப்பது தடை, பணத்துக்குப் பதில், பிறகு தருகிறேன் என்கிற உறுதிமொழிப் பத்திரம் நீட்டுவதும் தடை. இதற்கு ரெங்கோ மட்டும்தான் காரணம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அதன் இன்றைய தலைவர் யொஷினோ தொமொகோ ஒரு தையல் மெஷின் கம்பெனிச் சங்கத்திலிருந்து வந்தவர். சிறிய, நடுத்தர ஆலைகள் நிறைந்த உலோகத் தொழிற்சங்கம்தான் அவருடைய தாய்வீடு. 2021-ல் ரெங்கோவின் முதல் பெண் தலைவரானார். அவருடைய அரசியல் உறவுகளில் எனக்கு ஆயிரம் குறை உண்டு, அது வேறு பதிவு. இந்த விஷயத்தில் அவர் பிடித்த பிடியை விடவில்லை.

என் குறை வேறு. சட்டம் வந்துவிட்டது. ஆனால் பேச்சுவார்த்தை மேசையில் எங்கள் முதலாளிக்கு எதிரே உட்காரப்போவது அதே கொள்முதல் அதிகாரிதான். சட்டத்தைக் காட்டிப் புகார் கொடுத்தால் அடுத்த ஆர்டர் வருமா என்று எங்கள் முதலாளி பயப்படுவார். 1955-ல் ஒதா சொன்ன அதே இருட்டு ரோட்டு பயம். கைகோக்க யாரும் இல்லாமல் இப்போது அங்கே நிற்பது சின்ன முதலாளி.

பெரிய கம்பெனிச் சங்கங்கள் பிப்ரவரியில் கொடுக்கிற கோரிக்கைத் தாளில் இன்னும் ஒரு வரி சேர்க்கட்டும். எங்களுக்கு இவ்வளவு வேண்டும் என்பதற்குக் கீழே, நமக்குப் பாகம் தருகிற பட்டறைகளுக்கு இந்த வருடம் விலையை எவ்வளவு கூட்டப்போகிறீர்கள் என்று தொகையோடு கேட்கட்டும். வந்த பதிலையும் அந்த வெள்ளைப் பலகையில் எழுதட்டும். இதனால் தங்கள் உயர்வு அரை சதவீதம் குறையுமோ என்று அந்தச் சங்கத்து உறுப்பினர் யோசிப்பார், தெரியும். நான் அந்த நாற்காலியில் இருந்தாலும் யோசிப்பேன். ஆனால் அந்தத் தயக்கத்தை வைத்துக்கொண்டு எங்களைப் பார்த்து ஆறு சதவீதம் கேளுங்கள் என்று மட்டும் சொல்லாதீர்கள்.

மார்ச் வருகிறது. அந்தப் பெரியவர் இந்த வருடத்தோடு ஓய்வு பெறுகிறார். போன ஏப்ரலில் கவரில் எவ்வளவு ஏறியிருந்தது என்று அவரிடம் கேட்டேன். மூன்று விரலைக் காட்டினார். மூன்று சதவீதமா என்றேன். "மூவாயிரம் யென்" என்று சொல்லிவிட்டு மெஷினை ஆன் செய்தார்.