படிக்கட்டில் உட்கார்ந்திருந்தவன்

ஜூலை 20 புரூஸ் லீயின் நினைவு நாள். 1973இல் ஹாங்காங்கில் அவர் இறந்தபோது வயது 32தான். உலகம் முழுக்க அவர் பெயரைக் கொண்டுபோன ஹாலிவுட் படம் திரைக்கு வந்ததைப் பார்க்கக்கூட அவர் இல்லை. ஒவ்வொரு வருஷமும் இந்த நாளில் ஊருக்கு ஊர் கராத்தே வகுப்புகளில் அவர் படத்துக்கு மாலை போடுகிறார்கள். நானும் போட்டிருக்கிறேன். இந்த வருஷம் அந்த மாலைக்குப் பதிலாக வேறொன்று செய்யலாம் என்று சொல்லத்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் கராத்தே கற்றது ஒரு கல்யாண மண்டபத்தின் மொட்டை மாடியில். காலை ஐந்தரைக்கு வகுப்பு. தண்ணீர்த் தொட்டிச் சுவரில் புரூஸ் லீ படம் ஒன்று மாட்டியிருக்கும், மார்பில் கீறல்களோடு நிற்பாரே, அந்தப் படம். வெயில் பட்டுப் பட்டுச் சிவப்பெல்லாம் போய் நீலம் மட்டும் மிஞ்சியிருந்தது. அதன் கீழேதான் வரிசையாக நிற்போம்.

என்னோடு சேர்ந்தவன் ஒருவன். அவன் அப்பா அம்மா இரண்டு பேருக்கும் செங்கல் சூளையில் வேலை. மாத ஃபீஸை இரண்டு மூன்று தவணையாகச் சில்லறையில் கொடுப்பான். கராத்தே டிரஸ் கிடையாது, பள்ளிக்கூடக் காக்கி டிரவுசரும் பனியனும்தான். ஆனால் அவன் மவாஷி கேரி, அதாவது காலைச் சுழற்றி அடிக்கும் உதை, போட்டால் மாடியில் இருக்கும் எல்லோரும் திரும்பிப் பார்ப்போம்.

மஞ்சள் பெல்ட் டெஸ்ட் வந்தது. வெளியூரிலிருந்து பெரிய மாஸ்டர் வருவார். டெஸ்ட் ஃபீஸ், புது பெல்ட், சர்டிஃபிகேட் எல்லாம் சேர்த்து ஒரு தொகை. டிரஸ் கட்டாயம். அவனால் முடியவில்லை. ஆனாலும் அன்று வந்திருந்தான். மாடிக்கு ஏறும் கடைசிப் படியில் உட்கார்ந்து எல்லோர் கட்டாவையும் (வரிசை மாறாமல் தனியாகச் செய்து காட்டும் அசைவுகள்) பார்த்துக்கொண்டிருந்தான். என் முறை வந்தது. ஹெயான் ஷோதான் என்ற ஆரம்பக் கட்டா. பாதியில் எந்தப் பக்கம் திரும்புவது என்று மறந்துபோய் ஒரு நொடி நின்றுவிட்டேன். கண் தானாக அவன் பக்கம் போனது. தலையை மெதுவாக இடப்பக்கம் சாய்த்துக் காட்டினான். திரும்பினேன். பாஸ் ஆகிவிட்டேன்.

அடுத்த வாரம் அவன் வரவில்லை. அதற்கப்புறம் வரவே இல்லை. அவன் இல்லாதது எனக்குத் தெரிந்தது. ஏன் என்று போய்க் கேட்கத்தான் தோன்றவில்லை. அந்த மஞ்சள் பெல்ட்டை இன்றைக்கும் என்னால் நிம்மதியாகப் பார்க்க முடியாது.

இப்போது புரூஸ் லீ விஷயத்துக்கு வருகிறேன். 1959இல் அவர் அமெரிக்காவின் சியாட்டில் நகரத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது வயது 18. ரூபி சௌ என்பவர் நடத்திய சீன உணவகத்தில் வேலை, அங்கேயே ஒரு சின்ன அறையில் தங்கல். அந்த ஊரில் அவரிடம் முதன்முதலில் குங்ஃபூ கற்றுக்கொண்டவர் ஜெஸ்ஸி குளோவர் என்ற கறுப்பின இளைஞர். சிறுவயதில் ஒரு போலீஸ்காரர் அடித்துத் தாடையை உடைத்துவிட்டார். அன்றிலிருந்து சண்டைக் கலை கற்றுவிட வேண்டும் என்று அலைந்திருக்கிறார். கறுப்பர் என்பதாலேயே சேர்த்துக்கொள்ள மறுத்தவர்கள் உண்டு. புரூஸ் லீ சேர்த்துக்கொண்டார். பூங்காவிலும் கார் நிறுத்தும் இடத்திலும் பயிற்சி நடந்தது. குளோவரைத் தொடர்ந்து வெள்ளையர், ஜப்பானியர் என்று ஒரு கலவையான கூட்டம் சேர்ந்தது. சீனர் அல்லாதவர்களுக்குக் குங்ஃபூ சொல்லித்தரச் சீன ஆசான்களே பலர் தயங்கிய காலம் அது.

அந்தக் கூட்டத்தில் ஒருவர் டாக்கி கிமுரா. புரூஸ் லீயைவிடப் பதினாறு வயது மூத்தவர், அமெரிக்காவில் பிறந்த ஜப்பானிய வம்சாவளி. இரண்டாம் உலகப் போரின்போது ஜப்பானிய வம்சாவளியினரை அமெரிக்க அரசு முகாம்களில் அடைத்ததே, அதில் அடைபட்ட குடும்பம் அவருடையது. வெளியே வந்த பிறகும் நிமிர்ந்து நடக்க முடியாத அளவுக்கு மனசு ஒடிந்துபோயிருந்ததாக அவரே பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார். நீயும் எல்லோரையும் போல ஒரு மனிதன்தான் என்று தன்னை நிமிர வைத்தது அந்த இளம் வயது ஆசான்தான் என்பதைச் சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார். 1964இல் புரூஸ் லீயின் கல்யாணத்தில் மாப்பிள்ளைத் தோழனாக நின்றவர் அவர். 1973இல் சவப்பெட்டியைச் சுமந்தவர்களிலும் அவர் ஒருவர்.

அதற்கப்புறம் அவர் செய்ததுதான் எனக்கு முக்கியம். புரூஸ் லீயின் பெயரை வைத்து எத்தனையோ பேர் பள்ளி திறந்தார்கள். கிமுரா நினைத்திருந்தால் ஊருக்கு ஒரு கிளை திறந்திருக்கலாம். அவர் சியாட்டிலில் தன் குடும்ப மளிகைக் கடையிலேயே இருந்தார். கடைக்கு அடித்தளத்தில் சின்னதாக ஒரு வகுப்பு. விளம்பரம் இல்லை, காசும் வாங்கவில்லை. பல பத்தாண்டுகள் அப்படியே நடத்தினார். அங்குள்ள லேக் வியூ கல்லறைத் தோட்டத்துக்குப் போய்ப் புரூஸ் லீயின் கல்லறையைச் சுத்தம் செய்துவிட்டு வருவார். 1993இல் புரூஸ் லீயின் மகன் பிராண்டன் லீயும் 28 வயதில் இறந்து பக்கத்திலேயே அடக்கமானபின் இரண்டு கல்லறைகளையும் பார்த்துக்கொண்டார். 2021 ஜனவரியில் 96 வயதில் போய்ச் சேர்ந்தார்.

நினைவைக் காப்பாற்றுவது என்றால் எனக்கு அந்த மளிகைக் கடையின் அடித்தளம்தான் நினைவுக்கு வருகிறது.

இதைப் படித்துவிட்டு நம் மாஸ்டர்கள் எல்லோரும் இலவசமாகச் சொல்லித்தர வேண்டும் என்று யாரும் கிளம்பிவிடாதீர்கள். எங்கள் மாஸ்டர் கெட்டவர் இல்லை. மண்டபத்துக்கு வாடகை, வீட்டில் மூன்று பிள்ளைகள். மேலே இருக்கும் சங்கத்துக்கு டெஸ்ட் ஃபீஸில் பங்கு போக வேண்டும். அவரும் எத்தனை பேருக்குத்தான் விட்டுக்கொடுப்பார்? புரூஸ் லீயே பிற்பாடு லாஸ் ஏஞ்சலஸில் சினிமாக்காரர்களுக்குத் தனிப் பயிற்சி தந்தபோது ஒரு மணி நேரத்துக்கு 275 டாலர் என்று கார்டில் அச்சடித்து வைத்திருந்தார். ஸ்டீவ் மெக்வீன், ஜேம்ஸ் கோபர்ன் மாதிரி ஆட்கள் அவரிடம் கற்றார்கள். கொடுக்க முடிந்தவன் கொடுக்கட்டும். கொடுக்க முடியாதவனுக்காக நாம் கொடுப்போம். நான் கேட்பது மாஸ்டரிடம் இல்லை, ஒரு காலத்தில் அந்தப் படத்துக்குக் கீழே நின்று இப்போது மாதச் சம்பளம் வாங்கும் நம்மிடம்.

உதவி என்றால் நிறையப் பேர் மாத ஃபீஸோடு நிறுத்திவிடுகிறார்கள். பிள்ளைகள் நின்றுபோவது பெரும்பாலும் அங்கே இல்லை. டிரஸ், பெல்ட் டெஸ்ட், போட்டிக்கு என்ட்ரி ஃபீஸ், பஸ் செலவு, வெளியூரில் ஒரு ராத்திரி தங்கல், குமித்தே (நேருக்கு நேர் சண்டைப் பயிற்சி) ஆட கிளவுஸ், முழங்காலுக்குக் கீழே கட்டும் ஷின் கார்டு. அந்த இடத்தில்தான் பிள்ளை தானாகவே ஒதுங்கிக்கொள்கிறது. வீட்டில் கேட்கவே கேட்காது. காலையில் எழுந்திருக்க முடியவில்லை, ஸ்கூலில் டெஸ்ட் இருக்கிறது என்று ஏதாவது காரணம் சொல்லிவிடும். அதை நம்பாதீர்கள்.

அரசுப் பள்ளி மாணவிகளுக்கு ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில் தற்காப்புப் பயிற்சி தருகிறார்கள். மூன்று மாதம். மனசார வரவேற்க வேண்டிய விஷயம். ஆனால் ஒரு பெண் பிள்ளை முஷ்டியை ஒழுங்காக மடக்கவும் வெட்கப்படாமல் கத்திக் குத்தவும் பழகி வரும் நேரத்தில் அந்த மூன்று மாதம் முடிந்துவிடுகிறது. ஆர்வம் வந்துவிட்ட பிள்ளையைப் பக்கத்து வகுப்பில் கொண்டுபோய்ச் சேர்த்து விடுவதற்கு ஒரு பெரியவர் வேண்டும், அவ்வளவுதான்.

போன வருஷம் பழைய மாணவர்கள் நாலு பேர் சேர்ந்து எங்கள் ஊரில் இப்படிக் கட்ட முடியாத பிள்ளைகளுக்காகப் பணம் போட ஆரம்பித்தோம். பணம் மாஸ்டர் கைக்குப் போகும். யாருக்குச் செலவானது என்று எங்களுக்குத் தெரியாது, தெரியவும் வேண்டாம் என்று சொல்லிவிட்டோம். செக்கைக் கையில் பிடித்துப் பிள்ளையைப் பக்கத்தில் நிறுத்திப் போட்டோ எடுப்பதெல்லாம் கூடாது. நாளைக்கு அந்தப் பிள்ளை சண்டையில் தோற்றால்கூட “நாங்கள் கட்டிய காசு” என்று யாரும் பேசும்படி ஆகிவிடக் கூடாது.

மார்ச்சில் பெல்ட் டெஸ்ட் பார்க்கப் போயிருந்தேன். ஒரு சின்னப் பெண், புது டிரஸ். கை மணிக்கட்டைத் தாண்டித் தொங்கியது. இன்னும் இரண்டு வருஷத்துக்கு வரட்டும் என்று பெரிய சைஸாக வாங்கியிருக்கிறார்கள். கட்டா முடிந்ததும் பெல்ட்டைக் கட்டிவிட்டார் மாஸ்டர். அவள் அதை அவிழ்த்துவிட்டுத் தானே ஒருமுறை கட்டிக்கொண்டாள். அது நாங்கள் கட்டிய காசிலா, அவள் அப்பா கட்டியதிலா என்று தெரியவில்லை.

ஜூலை 20 அன்று மாலை வாங்குவதற்கு முன்னால் உங்கள் ஊர் மாஸ்டரைப் போய்ப் பாருங்கள். டெஸ்ட் ஃபீஸ் கட்ட முடியாமல் நின்றுபோனது யார் என்று கேளுங்கள். அவருக்குப் பெயரோடு தெரியும்.